பாம்புச் சுருள் தந்த பெயர்! 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்த கதை

கார்த்திகை மாதம். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்து வீடு. வெளியே தூறல். உள்ளே டெலிவிஷனில் செய்தி ஓடுகிறது.

"ஆயா! புயல் கரையைக் கடந்துட்டுதாம்!" என்கிறாள் பேத்தி.

"அப்பாடா! போன பீடை அப்படியே போகட்டும். நீ படுத்துத் தூங்கு கண்ணு" என்கிறாள் ஆயா.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு, எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுத்தான் நடந்திருக்கும். அன்று இரவு "ஃபெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கள்ளக்குறிச்சியோ கடலிலிருந்து ஏறக்குறைய 90 கிலோ மீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் அலை இங்கே எட்டாது. காற்றும் வரும் வழியிலேயே களைத்துவிடும். பிறகு என்ன பயம்?

ஆனால் அந்தப் புயல் போகவில்லை. உள்ளே வந்தது. ஊர் ஊராக மழையைக் கொட்டியது. ஏரிகள் உடைந்தன. தென்பெண்ணை ஆறு பொங்கி எழுந்தது.

ஆயா சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது? அது தெரிய வேண்டுமானால், புயலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் "சைக்ளோன்" என்ற சொல் பிறந்த கதையைக் கேட்க வேண்டும். அந்தச் சொல் பிறந்தது லண்டனில் அல்ல. நம் நாட்டிலே, கல்கத்தாவிலே!

விழுந்த மரம் சொன்ன செய்தி

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே ரெட்ஃபீல்டு என்று ஒருவர் இருந்தார். குதிரைக்குச் சேணம் செய்வது அவர் தொழில். பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்.

1821ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் வாழ்ந்த கனெக்டிகட் பகுதியில் பெரும் புயல் அடித்தது. புயல் ஓய்ந்த பிறகு அவர் அந்தப் பக்கமெல்லாம் பயணம் செய்தார். வழியெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஓர் ஊரில் மரங்கள் எல்லாம் வடமேற்குப் பக்கம் தலை வைத்துக் கிடந்தன. தொலைவில் இன்னோர் ஊரில் அதற்கு நேர் எதிராக, தென்கிழக்கே தலை வைத்துக் கிடந்தன.

ஒரே புயல், ஒரே நாள். ஆனால் மரங்கள் எதிர் எதிர்த் திசையில் விழுந்திருக்கின்றன. எப்படி?

காற்று நேர்கோட்டில் ஓடியிருந்தால் எல்லா மரமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே காற்று நேராக ஓடவில்லை, வட்டமாகச் சுற்றியிருக்கிறது! வண்டிச் சக்கரம் சுற்றும்போது ஒரு பக்கம் மேலே போனால் மறு பக்கம் கீழே வருகிறது அல்லவா? அதுபோலத்தான். பத்து ஆண்டுகள் கழித்து, 1831ஆம் ஆண்டில், ரெட்ஃபீல்டு தம் முடிவை எழுதி வெளியிட்டார்.

அடுத்து வந்தவர் வில்லியம் ரீடு என்ற பிரிட்டிஷ் இராணுவ எஞ்சினீயர். மேற்கிந்தியத் தீவுகளில் புயல் செய்த நாசத்தைக் கண்ணால் கண்டவர். அவரும் கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1838ஆம் ஆண்டில் புயல்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகம் கடல் கடந்து கல்கத்தாவில் ஒரு மனிதரின் கைக்கு வந்தது.

கல்கத்தா கப்பல் தலைவர்

அவர் பெயர் ஹென்றி பிடிங்டன். வணிகக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்து கடலெல்லாம் சுற்றியவர். பிறகு கல்கத்தாவிலே தங்கிவிட்டார். கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராகவும் இருந்தார்.

வங்காள விரிகுடாவில் புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகள் அவரிடம் வந்து குவிந்தன. எந்த மணிக்கு எந்தத் திசையில் காற்று அடித்தது, பாரமானி எவ்வளவு இறங்கியது, பாய்மரம் எப்போது முறிந்தது என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. பிடிங்டன் அவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். 1839ஆம் ஆண்டிலிருந்து வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் தம் ஆராய்ச்சிகளை வரிசையாக வெளியிட்டார்.

வங்காள விரிகுடாவிலும் காற்று சக்கரமாகத்தான் சுற்றியது. அதுவும் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில்! பூமத்திய ரேகைக்கு வடக்கே எல்லாப் புயலுக்கும் இதே சுற்றுத்தான். தெற்கே போனால் சுற்று மாறிவிடும்.

பாம்புச் சுருள்

இதை மாலுமிகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்வதற்கு ஒரு சொல் இல்லையே!

ஆங்கிலத்தில் காற்றைக் குறிக்கும் சொற்கள் ஏராளம். அவை எல்லாம் காற்றின் பலத்தைத்தான் சொல்லின. இது கொஞ்சம் பலமான காற்று, இது மிகவும் பலமான காற்று, இது பேய்க் காற்று என்பது போல. காற்று சுற்றுகிறதா, நேராக ஓடுகிறதா என்பதைச் சொல்லத் தனிச் சொல் இல்லை.

பிடிங்டன் கிரேக்க மொழியைத் தேடிப் போனார். அங்கே "குக்ளோஸ்" என்றால் வட்டம், சக்கரம். அதையொட்டிய ஒரு சொல்லுக்குப் பாம்புச் சுருள் என்றும் பொருள் உண்டு. பாம்பு சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது முழு வட்டமும் இல்லை, நேர்கோடும் இல்லை. வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும். புயற்காற்றும் அப்படித்தான், வெளியிலிருந்து மையத்தை நோக்கிச் சுழன்று பாய்கிறது.

அதிலிருந்து அவர் உண்டாக்கிய சொல்தான் "சைக்ளோன்". 1848ஆம் ஆண்டில் மாலுமிகளுக்காக அவர் வெளியிட்ட கைப்புத்தகம் அந்தச் சொல்லை ஊரறியச் செய்தது. நம் வீட்டுச் சைக்கிளும் அதே கிரேக்கச் சக்கரத்திலிருந்து வந்த பெயர்தான். சைக்கிளும் சைக்ளோனும் ஒரு வேரில் முளைத்தவை!

இங்கே ஒரு செய்தியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். "சைக்ளோன்" என்பது காற்றின் பலத்தைக் காட்ட வந்த பெயர் அல்ல. அதன் சுழற்சியைக் காட்ட வந்த பெயர். பலம் குறைந்தாலும் சுழற்சி இருக்கும் வரை அது சைக்ளோன்தான். பின்னால் கள்ளக்குறிச்சிக்கு வரும்போது இது உதவும்.

கொம்பிலே செய்த தகடு

பிடிங்டன் தம் புத்தகத்தோடு ஒரு விந்தையான கருவியையும் சேர்த்துக் கொடுத்தார். கொம்பைச் சீவி மெல்லிய தகடாக்கி, கண்ணாடி போல அதன் வழியே பார்க்கும்படி செய்திருந்தார்கள். அதன் மேலே காற்று சுற்றும் வட்டங்களை அச்சிட்டிருந்தார்கள். கப்பல் தலைவர் அந்தத் தகட்டைக் கடல் வரைபடத்தின் மேல் வைப்பார். இப்போது அடிக்கும் காற்றின் திசையைப் பொருத்துவார். புயலின் மையம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். கப்பலை மறுபக்கம் திருப்பித் தப்பிக்கலாம்.

தகடு இல்லாமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பைஸ் பாலட் 1857ஆம் ஆண்டில் சொன்ன விதி அது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கைப் பக்கம் புயலின் மையம் இருக்கும். கடலிலும் திறந்த வெளியிலும் இது நன்றாகப் பொருந்தும். மலை மறைக்கும் இடத்தில் பொருந்தாது.

சக்கரத்துக்கு நடுவே அச்சு இருப்பது போல, பலத்த புயலின் நடுவே "கண்" உண்டு. அங்கே காற்று அடங்கிவிடும். வானம்கூடத் தெளியும். புயல் ஓய்ந்தது என்று மக்கள் வெளியே வருவார்கள். அரை மணியோ ஒரு மணியோ கழித்துச் சக்கரத்தின் மறுபாதி வந்து மோதும். இப்போது காற்று நேர் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். முதல் அடியில் தப்பிய சுவர் இரண்டாம் அடியில் விழும். சக்கரம் என்பதை அறிந்தவன் வெளியே வரமாட்டான். ஒரு சொல்லுக்குள் உயிரைக் காக்கும் அறிவு இருக்கிறது என்பது இதுதான்.

கேட்காத எச்சரிக்கை

பிடிங்டன் சொன்னதை எல்லோரும் கேட்டுவிடவில்லை.

கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் ஒன்று கட்ட அரசாங்கம் எண்ணியது. அது சுந்தரவனக் காட்டுப் பகுதி. பிடிங்டன் பதறினார். 1853ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிப் பிரபுவுக்கே கடிதம் எழுதினார். இங்கே துறைமுகம் கட்டாதீர்கள், ஒரு நாள் சைக்ளோன் கடலைத் தூக்கிக்கொண்டு வந்து ஊரை மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார்.

யாரும் பொருட்படுத்தவில்லை. 1858ஆம் ஆண்டில் பிடிங்டன் காலமானார். துறைமுகம் எழுந்தது. கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவின் பெயரால் "போர்ட் கானிங்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். 1867ஆம் ஆண்டில் புயல் வந்தது. கடல் நீர் ஊருக்குள் பாய்ந்தது. துறைமுகம் நாசமாயிற்று. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1864ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் தேதி, கல்கத்தாவையே ஒரு புயல் தாக்கியது. ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் மாண்டார்கள். இந்த அடிகளுக்குப் பிறகுதான், 1875ஆம் ஆண்டில், இந்திய வானிலை இலாகா பிறந்தது.

ஒரு சொல், பல பொருள்

சைக்ளோன் என்ற சொல் கல்கத்தாவிலிருந்து உலகமெல்லாம் சுற்றியது. போன இடத்தில் புதுப் பொருளும் பெற்றது.

விஞ்ஞானிகள் இன்று தாழ்ந்த அழுத்தத்தைச் சுற்றிச் சுழலும் எந்தக் காற்றையும் சைக்ளோன் என்கிறார்கள். உயர்ந்த அழுத்தத்தைச் சுற்றி எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் "ஆன்டி சைக்ளோன்". அமெரிக்கக் கிராமத்து மக்களோ, தூண் போல எழுந்து வீட்டைப் பிடுங்கிச் செல்லும் சுழல்காற்றைச் சைக்ளோன் என்று அழைத்தார்கள். அதற்குப் பயந்து வீட்டுக்கு அடியில் நிலவறை தோண்டி வைத்தார்கள்.

நம் ஊர் ரைஸ் மில்லிலும் ஒரு சைக்ளோன் உண்டு! புனல் வடிவில் பெரிய தகரக் கூம்பு ஒன்று மேலே தொங்கும். தூசியும் உமியும் கலந்த காற்று அதற்குள் பாய்ந்து சுழலும். சுழலும் வேகத்தில் தூசி ஓரத்தில் மோதிக் கீழே விழும். சுத்தமான காற்று மேலே போகும். அதற்கும் பெயர் சைக்ளோன்தான். எங்கே போனாலும் சுழற்சி என்ற மூலப் பொருளை அந்தச் சொல் விடவில்லை.

அட்லாண்டிக் கடலில் இதே புயலுக்கு "ஹரிக்கேன்" என்று பெயர். மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடி மக்கள் வழங்கிய சொல் அது. ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சீனா, ஜப்பான் பக்கம் "டைபூன்". சீனச் சொல்லும் "தூஃபான்" என்ற அரபிச் சொல்லும் அதில் கலந்திருக்கின்றன. பெயர் மூன்று, பூதம் ஒன்று!

தமிழ் என்ன சொல்கிறது?

சரி, நம் தமிழ் என்ன சொல்கிறது?

"சூறாவளி" என்கிறோம். சூறை என்றால் சுழல்காற்று. வளி என்றால் காற்று. கல்கத்தாவில் பிடிங்டன் தேடிய சுழற்சிப் பொருள் இந்தச் சொல்லிலே இருக்கிறது. சூறை என்பதற்குக் கொள்ளை என்றும் பொருள். "வீட்டைச் சூறையாடினான்" என்கிறோம் அல்லவா? சுழன்று வந்து கொள்ளையடித்துப் போகும் காற்று!

"புயல்" என்ற சொல் இன்னும் சுவையானது. இன்று புயல் என்றதும் நமக்குக் காற்றுத்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பழந்தமிழில் புயல் என்றால் மழை மேகம்! நீர் என்றும் அதற்குப் பொருள் உண்டு. காற்று என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிட்டது. மேகம் என்ற பொருள் மறைந்தே போயிற்று.

கடற்கரை மக்களுக்குப் புயல் என்றால் காற்றும் அலையும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியதே, பாம்பனிலிருந்து போன ரெயிலோடு பயணிகளையும் கொண்டுபோயிற்றே, அதை யார் மறக்க முடியும்?

ஆனால் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் மக்களுக்குப் புயல் என்றால் முதலில் காற்று அல்ல, மேகம். பழந்தமிழ்ப் பொருள்தான் இங்கே உண்மைப் பொருள்! எப்படி என்று பார்ப்போம்.

நின்று சுற்றிய பம்பரம்

பம்பரம் விடும் பையனைக் கவனியுங்கள். பம்பரத்துக்கு இரண்டு வேகம் உண்டு. தன்னைத் தானே சுற்றும் வேகம் ஒன்று. தரையில் நகர்ந்து போகும் வேகம் ஒன்று. சில சமயம் பம்பரம் நகராமல், நின்ற இடத்திலேயே நின்று சுற்றும்.

புயலும் அப்படித்தான். "மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகம்" என்று செய்தியில் சொல்வது சுற்றும் வேகம். புயல் நகரும் வேகம் வேறு. மணிக்கு 10, 15 கிலோ மீட்டர்தான் இருக்கும். மழை எவ்வளவு கொட்டும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேகத்தைப் பொறுத்தது. விரைந்து கடந்தால் மழை பரவிப் பெய்யும். நின்றுவிட்டால் ஒரே இடத்தில் கொட்டும்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோ மீட்டர். சில சமயம் 90. புயல்களில் இது பெரிய வேகம் அல்ல. ஆனால் கரை ஏறிய பிறகு அது புதுச்சேரி அருகே பல மணி நேரம் நகராமல் நின்று சுற்றியது. டிசம்பர் 1ஆம் தேதி காலை வரை 24 மணி நேரத்தில் புதுச்சேரியிலும் மயிலத்திலும் 50 சென்டி மீட்டரை ஒட்டி மழை!

அன்று பகலில் வானிலை இலாகா அறிவித்தது: "புயல் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறியது."

வலுவிழந்தது என்றதும் மக்கள் பெருமூச்சு விட்டார்கள். அன்று இரவுதான் உள் மாவட்டங்களில் வானம் உடைந்தது.

டிசம்பர் 2ஆம் தேதி காலை மழைக் கணக்கு வந்தது. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோ மீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டி மீட்டர்! விழுப்புரத்தில் 42 சென்டி மீட்டர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திருப்பாலபந்தல், மாடாம்பூண்டி ஆகிய இடங்களில் 30 சென்டி மீட்டருக்கு மேல்.

50 சென்டி மீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் மட்டும் 20 லட்சம் லிட்டர் தண்ணீர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் 168 வரிசையாக வந்து ஒரே ஏக்கரில் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அப்படி!

மலை பிழிந்த மேகம்

காற்று வலுவிழந்த பிறகு மழை ஏன் வலுத்தது?

புயலுக்கு உணவு வெதுவெதுப்பான கடல் நீர். கரை ஏறியதும் அந்த உணவு நின்றுவிடுகிறது. மரமும் வீடும் மேடும் காற்றைத் தடுக்கின்றன. ஆகவே காற்று தளர்கிறது. ஆனால் கடலில் குடித்த நீராவி எங்கே போகும்? அது மேகத்திலேயே இருக்கிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும், அதன் வடக்குப் பக்கத்துக் காற்று கடல் ஈரத்தை உள் நாட்டுக்கு இழுத்துக்கொண்டே வருகிறது.

ஈரக் காற்றுக்கு எதிரே மலை நின்றால் காற்று மேலே ஏறவேண்டும். மேலே ஏறினால் குளிரும். குளிர்ந்தால் நீராவி நீராகும். ஈரத் துணியைப் பிழிவது போல மலை மேகத்தைப் பிழிந்துவிடும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே சுவர் போல நிற்பது கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் அதற்கு இரு பகுதிகள். வெள்ளிமலையும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களும் அங்கே உள்ளன. கடுக்காயும் சாமையும் மரவள்ளியும் விளையும் பூமி. "மேகம்" என்ற பெயரிலேயே அங்கே ஓர் அருவி இருக்கிறது!

மலையில் பெய்த மழை மலையில் நிற்காது. கோமுகி ஆறாகவும் மணிமுத்தாறாகவும் கீழே இறங்கும். கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை அதை வாங்கிக்கொள்கிறது. அணையின் உயரம் 46 அடி. மணிமுத்தா அணையின் உயரம் 36 அடி. இவை சிறிய அணைகள். மலையில் ஓர் இரவு மழை வெளுத்து வாங்கினால் விரைவில் நிரம்பும். நிரம்பினால் திறந்தே ஆகவேண்டும். அந்தத் தண்ணீர் விருத்தாசலம் பக்கம் போய் வெள்ளாற்றில் சேரும்.

மாவட்டத்தின் வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. ஃபெஞ்சல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பியது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. லிட்டர் கணக்கில் சொன்னால், நொடிக்கு 47 லட்சம் லிட்டர்! மூங்கில்துறைப்பட்டு, திருக்கோவிலூர் வழியாகக் கடலூர் வரை ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரெயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரெயில்கள் நின்றன. திருச்சி நெடுஞ்சாலையிலும் அரசூர் அருகே போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மலைச் சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்து மாண்டார்கள்.

இவ்வளவும் நடந்தது புயல் கரையைக் கடந்த பிறகு! அது "வலுவிழந்த" பிறகு!

செய்தியை எப்படிப் படிப்பது?

இங்கேதான் பிடிங்டன் சொன்னதை நினைவுக்குக் கொண்டு வரவேண்டும். சைக்ளோன் என்பது சுழற்சியின் பெயர். பலத்தின் பெயர் அல்ல.

வானிலை இலாகா தரும் பட்டங்களோ காற்றின் வேகத்தை அளந்து தருபவை. மணிக்கு 31 கிலோ மீட்டரைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். அதற்கும் மேலே அதி தீவிரப் புயல். இந்த ஏணியில் மழைக்கு இடமில்லை. ஆகவே "வலுவிழந்தது" என்றால் காற்று ஒரு படி இறங்கியது என்றுதான் அர்த்தம். மழை இறங்கியது என்று அர்த்தம் அல்ல.

துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளும் அப்படித்தான். 1 முதல் 11 வரை எண் உள்ள அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரியவை. உள் நாட்டு மக்கள் கவனிக்க வேண்டியவை வேறு.

முதலாவது, மழையின் பெயர். "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 சென்டி மீட்டர். "மிகக் கனமழை" என்றால் 12 முதல் 20 சென்டி மீட்டர். "அதி கனமழை" என்றால் அதற்கும் மேல். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் சொல்கிறார்களே, அது உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள்.

இரண்டாவது, புயலின் நடை. "நகராமல் அதே இடத்தில் நிலை கொண்டுள்ளது" என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பம்பரம் நின்று சுற்றுகிறது!

மூன்றாவது, அணைச் செய்தி. எந்த அணையில் எத்தனை அடி, எவ்வளவு திறக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் மழை விட்டிருக்கலாம். மேலே மலையில் பெய்த மழை சில மணி நேரம் கழித்துத்தான் உங்கள் ஆற்றுக்கு வரும்.

ஆற்றோரத்தில் வீடு உள்ளவர்கள் அன்று இரவு மட்டுமாவது மேட்டில் தங்குங்கள். மாட்டைக் கொட்டகையில் கட்டிப் போடாமல் மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி உயரத்தில் வையுங்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது மோட்டார் சைக்கிளில் கடக்கத் துணியாதீர்கள். முழங்கால் அளவு ஓட்டம் ஆளையே புரட்டிவிடும். ஆபத்து என்றால் 1077 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

பெயரில் இருக்கும் பாடம்

இப்போது ஒவ்வொரு புயலுக்கும் தனித் தனிப் பெயர் வைக்கிறார்கள். வட இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள 13 நாடுகள் பெயர்ப் பட்டியல் கொடுத்திருக்கின்றன. ஃபெஞ்சல் என்ற பெயரைக் கொடுத்தது சவூதி அரேபியா. இந்தியா கொடுத்த பட்டியலில் "முரசு" என்ற தமிழ்ப் பெயரும் இருக்கிறது!

முரசு என்றால் ஊரை எழுப்பும் வாத்தியம். அந்தக் காலத்தில் ஆபத்து வந்தால் முரசு அறைந்து ஊரைக் கூட்டினார்கள். இன்று அந்த வேலையை ரேடியோவும் டெலிவிஷனும் கைப் போனும் செய்கின்றன. ஆனால் முரசு எவ்வளவு முழங்கினாலும், அது சொல்வது என்ன என்று புரிந்தால்தானே பயன்?

ஆகவே அடுத்த முறை "புயல் கரையைக் கடந்தது" என்று செய்தி வந்ததும் டெலிவிஷனை நிறுத்திவிடாதீர்கள். கடந்தது கடலை மட்டும்தான். சக்கரம் இன்னும் சுற்றுகிறது. மேகம் இன்னும் மலைக்கு வந்து சேரவில்லை.

"ஆயா, புயல் கரையைக் கடந்துட்டுதாம்!" என்று பேத்தி சொன்னால், ஆயா இனி இப்படிக் கேட்கட்டும்:

"கடந்தது சரி கண்ணு. மழை எங்க பெய்யுதாம்? அணையில தண்ணி எத்தனை அடியாம்? அதைக் கேட்டுச் சொல்லு. அப்புறம் தூங்கலாம்."